வாய் திறக்காதவருக்கே வேலை

வேலைக்கு ஆள் எடுப்பவர்களில் ஓர் அபூர்வ இனம் உண்டு. அபூர்வம் என்பது மரியாதைக்குச் சொல்வது. தடுக்கி விழுந்தால் இவர்கள் மேல்தான் விழ வேண்டும். நேர்காணலுக்கு வந்தவரை உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்து, "உங்களைப் பத்திச் சொல்லுங்க" என்று கேட்டுவிட்டு, அவர் தொண்டையைச் செருமுவதற்குள் தம்மைப் பற்றிச் சொல்லத் தொடங்கிவிடுகிற இனம்.

இந்த மேஜை நாற்காலிப் பட்டறை முதலாளியையே எடுத்துக்கொள்ளுங்கள். தங்கமான மனிதர். வாய்தான் கொஞ்சம் நீளம். தாம் செய்த முதல் ஸ்டூல் ஆடியது, வாங்கியவர் அதிலிருந்து விழுந்தது, விழுந்தவரே பிறகு நண்பரானது எல்லாவற்றையும் சொல்லி முடித்து, "கஷ்டமான நேரத்துல என்ன செய்வீங்க?" என்று ஒரு கேள்வி போடுவார், "பொறுமையா இருக்கணும், அதானே?" என்று பதிலையும் அவரே போடுவார், வந்தவர் தலையாட்டியதும், "பிரமாதமா பதில் சொன்னீங்க!" என்று கை குலுக்கி வேலையும் கொடுத்துவிடுவார். அவருக்கு வேண்டியது உறுதியான குழு. தச்சர், பாலிஷ்காரர், கணக்கர், காவலாளி என்று அப்படித்தான் ஒரு குழு சேர்ந்தது. எல்லாரும் கெட்டிக்காரர்கள். அவர்களுடைய குரல் எப்படியிருக்கும் என்பதுதான் முதலாளிக்குத் தெரியாது.

வீட்டிலோ பெருமை தாங்காது.

"இன்னிக்கு வந்தவர், நான் பேசப் பேச கண் கலங்கிட்டார்."

"கொட்டாவியை அடக்கியிருப்பார்," என்பார் மனைவி.

இந்தச் சமயத்தில்தான் அந்தப் பெரிய ஆர்டர் வந்தது. ஓர் அலுவலகத்தின் கூட்ட அறைக்கு, இரண்டாகப் பிரியாத ஒற்றை மேஜை. நன்றாக அமைந்தால் அவர்களுடைய எல்லாக் கிளைகளுக்கும் இவரே செய்யலாம். முதலாளிக்கு இருப்புக்கொள்ளவில்லை. மாடியில் வெளிச்சம் நன்றாக இருக்கிறது, அங்கேயே பலகைகளை ஏற்றி இணைத்துவிடலாம் என்றார். குழு தலையாட்டியது.

அந்த வாரம், வரைபடம் போடும் வேலைக்கு ஒரு பெண் வந்தார். முதலாளி அந்த மேஜையின் மகிமையில் மூழ்கியிருந்தபோது குறுக்கே கேட்டார்: "சார், இதை எப்படிக் கீழே இறக்குவீங்க? படி திரும்புற இடத்துல மாட்டிக்குமே."

முதலாளிக்குச் சுருக்கென்றது. பேச்சின் நடுவில் ஒரு கேள்வியா? அதுவும் பதில் தெரியாத கேள்வி! அந்தப் பெண் போனதும், கூட உட்கார்ந்திருந்த மனைவியின் தம்பியிடம், "திறமைசாலிதான். ஆனா நம்ம டீமுக்கு ஒத்து வராது, மச்சான்," என்றார்.

"நானும் அதேதான் நினைச்சேன், அத்தான்." மச்சான் எப்போதும் அதேதான் நினைப்பார்.

மேஜை கண்ணாடிபோல் பளபளத்தது. வாசலில் லாரி வந்து நின்றது. தூக்கினார்கள், சாய்த்தார்கள், நிமிர்த்தினார்கள், ஒருவர் காலை ஒருவர் மிதித்தார்கள். பலகையாக ஏறிய வழியில் மேஜையாக இறங்க மறுத்துவிட்டது. லாரிக்காரர் சிரிப்பை அடக்கிக்கொண்டு வெறும் வண்டியைத் திருப்பினார். ஆர்டர் வேறு பட்டறைக்குப் போயிற்று. முதலாளி படியிலேயே உட்கார்ந்துவிட்டார். பார்க்கவே பாவமாக இருந்தது.

"இது இறங்காதுன்னு உங்க யாருக்குமே தெரியாதா?"

"தெரியும் சார்," என்றார் தச்சர்.

"அப்புறம் ஏன்யா சொல்லல?"

"நீங்க பேசி முடிக்கட்டும்னு காத்துட்டு இருந்தோம் சார்."

முதலாளிக்கு உறைத்தது. நிஜமாகவே உறைத்தது. உடனே அந்தப் பெண்ணைத் தொலைபேசியில் அழைத்தார். "தப்பு என்னோடதும்மா. குறுக்கே கேள்வி கேக்குற ஆள்தான் எனக்கு வேணும்," என்று தொடங்கி, கேள்வி கேட்பதன் அருமை, அந்த அருமை பலருக்கும் புரியாதது, தமக்கு மட்டும் புரிந்தது என்று விலாவாரியாக விளக்கி, "அப்போ நாளைக்கே வந்துடுங்க," என்று வைத்தார். மறுமுனையில் இணைப்பு எப்போதோ துண்டிக்கப்பட்டிருந்தது.

"எவ்வளவு பொறுமையாக் கேட்டுது அந்தப் பொண்ணு!" என்றார் மனைவியிடம், பூரிப்புடன். "நம்ம டீமுக்குன்னே பொறந்தவ!"

சிரிக்கிறீர்களா? தாராளமாகச் சிரியுங்கள். நீங்கள் அப்படிப்பட்டவர் இல்லை என்பது ஊருக்கே தெரியும். சந்தேகமிருந்தால் உங்களிடம் வேலை செய்பவர்களையே கூப்பிட்டுக் கேட்டுப் பாருங்கள். நீங்கள் கேட்டு முடிப்பதற்குள் அத்தனை பேரும் தலையாட்டிவிடுவார்கள்.