மூக்கைத் தூக்கிய படகும் தராசு மாமுவும்

உலகத்து மனிதர்களை நல்லவன், கெட்டவன் என்று பிரிக்காமல், முன்னால் உட்கார வேண்டியவன், பின்னால் உட்கார வேண்டியவன் என்று மட்டுமே பிரித்த ஒரே ஜீவன் எங்கள் தராசு மாமுதான். ஆளைப் பார்த்த மாத்திரத்தில் எடை சொல்வார். டோல்கேட் பஸ்ஸில் ஏறினால், "யம்மா, நீ இந்தாண்ட வந்து குந்து, வண்டி சாயுது" என்று முன்பின் தெரியாத பெண்களிடம் சொல்லி நன்றாக வாங்கிக் கட்டிக்கொள்வார். ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்ததும் சாமியாரிடமே போய், "பொம்பளைங்க சைடுல லோடு ஜாஸ்தி ஃபாதர், கொஞ்சம் பாருங்க" என்று புகார் செய்தவர்.

அறுபதுகளின் கடைசியில் ராயபுரத்துக் கப்பல் ஏஜென்ட் ஆபீஸ் ஒன்றில் நான் குமாஸ்தா, அவர் ஃபிட்டர். வெள்ளைக்காரன் விட்டுப்போன சின்ன தேக்கு மோட்டார் படகு ஒன்று ஆபீசுக்கு இருந்தது. வெளியே நங்கூரம் போட்டு நிற்கும் கப்பல்களுக்குக் காகிதங்களோடு எங்களை ஏற்றிப்போகும். பார்க்க அழகி, குணம்தான் சரியில்லை. வேகம் கொடுத்தால் மூக்கைத் தூக்கிவிடும். படகோட்டி அந்தோணிக்கு வானம்தான் தெரியும். கடலைப் பார்க்க எழுந்து நிற்க வேண்டும். திருப்புவது அதைவிட மோசம். காசிமேட்டில் சக்கரத்தைச் சுற்றினால் திருவொற்றியூரில்தான் திரும்பும்.

"இஞ்சினை மாத்தணும்" என்றார்கள் எல்லாரும்.

"இஞ்சின் இன்னா தப்பு பண்ணுச்சு?" என்று மாமு சண்டைக்கு வந்தார். "டேங்கு பின்னாடி கீது. குந்தறவனும் பின்னாடியே குந்திக்கினு கீறான். அப்பால மூக்கு மேல போவாம இன்னா பண்ணும்?"

டீசல் டேங்கைப் பெயர்த்துப் படகின் நடுவில் வைத்தார். சுக்கானுக்குத் தகடு சேர்த்து அகலமாக்கினார். கடைசியாக, மூக்கைத் தாழ்த்துவதற்காகப் பின்பக்கம் அடியில் ஆப்பு வடிவில் இரண்டு மரத்துண்டுகளைப் பொருத்தி, "படகுக்கு ஆப்பு வெச்சிட்டேன் நைனா!" என்று ஆபீஸ் வாசலில் நின்று கத்தினார். பாதிப்பேர் அதை அப்படியே நம்பினார்கள்.

நம்பியது வீண்போகவில்லை. ஆப்பின் தடிமன் கூடிப்போய்விட்டது. முதல் ஓட்டத்தில், இத்தனை நாள் வானத்தைப் பார்த்த மூக்கு அலைக்குள் குத்தியது. முன்னால் உட்கார்ந்திருந்த நான் தலையோடு குளித்தேன். மடியிலிருந்த கப்பல் பத்திரங்கள் கூழாகிவிட்டன.

மானேஜர் தெற்கத்திக்காரர், அதிகம் பேசமாட்டார். கூழைப் பார்த்தார். "இன்னும் ஒரு தடவை. நானே வாரேன். சரியா வரலைன்னா விறகுக்குப் போட்டிருவேன்" என்றார்.

படகு போனால் அந்தோணிக்கு வேலை போகும். அவனுக்கு நாலு குழந்தைகள். அன்றைக்கு மாமு டீ குடிக்கக்கூடப் போகவில்லை. ஆப்பைக் கழற்றி இழைப்பதும் மாட்டுவதும் மறுபடி இழைப்பதுமாகவே இருந்தார்.

மறுநாள் காலை மானேஜர் வழக்கம்போலப் பின்சீட்டுக்குப் போனார். மாமு குறுக்கே நின்றார்.

"சார், நீங்க முன்னால குந்துங்க."

"நான் மானேஜர்யா!"

"அது ஆபீசுல சார். இங்க நீங்க தொண்ணூத்தி ரெண்டு கிலோ."

அந்தோணி சிலுவை போட்டுக்கொண்டான். மானேஜர் முன்னால் போய் உட்கார்ந்தார். மாமுவும் நானும் நடுவில் ஏறிக்கொண்டோம்.

படகு எண்ணூர்ப் பக்கம் பறந்தது. அதே இஞ்சின்தான், ஆனால் மூக்கு தாழ்ந்தே இருந்தது, தண்ணீர் இரண்டு பக்கமும் மடிந்து விலகியது. மானேஜர் முகத்தில் மெல்லச் சிரிப்பு வந்த நேரத்தில், ஒரு பெரிய அலை இறங்க, அதன் பின்னாலிருந்து நேர் எதிரே ஒரு கட்டுமரம். அதில் இரண்டு பேர் முதுகைக் காட்டி வலை இழுத்துக்கொண்டிருந்தார்கள்.

"ஏசுவே!" என்று அந்தோணி சக்கரத்தை ஒடித்தான்.

நான் கண்ணை மூடிக்கொண்டேன். இடிக்கிற சத்தம் வரவில்லை. திறந்தபோது கட்டுமரம் எங்களுக்குப் பக்கவாட்டில் ஆடிக்கொண்டிருந்தது. படகு அதே இடத்தில், சுற்றிவிட்ட தட்டுபோலத் திரும்பியிருந்தது. வலைக்காரர்கள் இருவரும் எழுந்து நின்று எங்கள் ஏழு தலைமுறையையும் சந்திக்கு இழுத்தார்கள். "கஸ்மாலம், கண்ணு இன்னா பொடனிலயா கீது?" அத்தனை இனிமையான வசவை நான் அதற்குப் பிறகு கேட்டதில்லை.

உயிரோடு இருக்கிறவன்தானே திட்ட முடியும்?

மானேஜர் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "விறகுக்குப் போட வேண்டாம்" என்றார். அவ்வளவுதான். அந்தோணி சிரித்துக்கொண்டே அழுதான்.

கரையேறியதும், முன்னாலேயே இறங்கிப் போய்விட்ட மாமுவைத் தேடினேன். படகுத்துறைக் கயிற்றுக் குவியலில் உட்கார்ந்து பீடி பற்றவைக்கப் பார்த்துக்கொண்டிருந்தார். நாலு குச்சி வீணாகியிருந்தது. நான் வாங்கிப் பற்றவைத்துக் கொடுத்தேன்.

"நேத்திக்கு இருந்த ஆப்போட போயிருந்தா, அந்த ரெண்டு பேரும்..." என்று ஆரம்பித்தவர் முடிக்கவில்லை. எழுந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

வீடு வரைக்கும் விடவேயில்லை. தெருவில் எல்லாரும் பார்த்தார்கள். பார்த்துவிட்டுப் போகட்டும் என்று நானும் கையை இழுத்துக்கொள்ளவில்லை.