பில்லில் உட்கார்ந்த ஈ

பேரு சந்திரமௌலி. சந்திரனைத் தலையில சூடினவர்னு அர்த்தம். ஆனா ஜூலை மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை காலையில, காபி டம்ளரை டொக்குன்னு மேஜையில வெச்சுட்டு அவர் போட்ட சபதம் என்னவோ சூரியனைப் பத்தி.

“ரமா! இனிமே இந்த வீட்டுக்குக் கரண்ட்டு மேலேர்ந்து வரும்!”

“இப்பவும் மேலேர்ந்துதானேன்னா வரது? கம்பத்துலேர்ந்து.”

“கம்பம் இல்லடி, அசடு. வானம்! வானத்துலேர்ந்து!”

ரமாமணி அண்ணாந்து பாத்தா. மச்சுல ஒரு பல்லி இருந்தது. அதுவும் நம்பின மாதிரி தெரியல.

சந்திரமௌலி கும்பகோணத்துக்காரர். மொரீஷியஸ் பிள்ளைங்களுக்குத் தமிழ் சொல்லிக்குடுக்க வந்து மூணு வருஷம் ஆச்சு. சாந்த் குருவாங்கற ஊர்ல, கைலாசன் கோயில் மணி காதுல விழற தூரத்துல, சிமெண்ட்டுக் கூரை போட்ட வீடு. வேலை தமிழ் வாத்தியார், நினைப்பு விஞ்ஞானி. மூணு வருஷத்துல அவர் அந்த ஊர்ப் பாஷையான கிரியோல்ல கத்துக்கிட்டது, காலை வணக்கம் சொல்ற ‘போன்ஜூர்’ ஒண்ணுதான். அதையும் சாயங்காலம் சொல்லுவாரு. கேட்டா, “நான் கத்துக்குடுக்க வந்தவன், கத்துக்க வந்தவன் இல்லை”ம்பாரு. ரமாமணியோ வந்த மூணாவது மாசமே மார்க்கெட்டுல மீன்காரிகூட கிரியோல்ல சண்டை போட்டா. இத்தனைக்கும் மீன் வாங்கறதில்ல, சும்மா பழகத்தான்.

இந்தச் சபதத்துக்கு ஒரு முன்கதை இருக்கு. அந்தச் சமயம் தீவு பூரா தையல் ஃபாக்டரியா முளைச்சிட்டிருந்தது. பக்கத்து வீட்டு தெய்வானை வேலை பாத்த ஃபாக்டரியில புது மெஷின் வந்து இறங்கி, பழைய மோட்டார் மெஷினையெல்லாம் மலிவா தள்ளிவிட்டாங்க. ரமாமணிக்கு அதுல ஒண்ணு வேணும். ஜாக்கெட் தைக்கணும், ஃப்ராக் தைக்கணும், தெருவுல நாலு பேர் “ரமாக்கா”ன்னு துணியைத் தூக்கிக்கிட்டு வரணும். சின்ன ஆசைதான். ஆனா அதை வைக்க வெளிச்சமான இடம் வீட்டுல ஒண்ணே ஒண்ணு. முன் ரூம் ஜன்னலோரம். அங்கே இருந்தது சந்திரமௌலியோட நாற்காலி.

“மோட்டார் மெஷினா! கரண்ட்டு பில்லு எகிறிடும்!” அப்படின்னாரு. நாற்காலியைப் பத்தி ஒரு வார்த்தை பேசல. பெரிய மனுஷங்க நிஜக் காரணத்தைச் சொல்ல மாட்டாங்க.

“அதான் உங்க சூரியன் வரப் போறாரே,” ன்னா ரமாமணி. “அப்போ பில்லு குறையுமோல்லியோ?”

“குறையுமாவா? பாதியாயிடும்! முதல் பில்லுலயே பாதி!”

“பாதி ஆச்சுன்னா நான் மெஷின் பேச்சையே எடுக்கலை. ஆகலேன்னா?”

“ஆகலேன்னா இந்த நாற்காலியை நானே தூக்கி வெளியில போட்டுட்டு, உன் மெஷினை நானே சுமந்துண்டு வரேன்! போறுமா?”

கைலாசன் கோயில்ல டாண்ணு மணி அடிச்சது.

“மணி அடிச்சுடுத்து. இனிமே மாத்தப்படாது,” ன்னா ரமாமணி. சொல்லிட்டு மாவு கரைக்கப் போயிட்டா.

சூரியன் வந்தாரு. கிராண் பேயில ஒரு ஹோட்டல் படகுத்துறையில வேலை பாத்த விநாயகம், படகுலேர்ந்து கழட்டின ஒரு சோலார் தகட்டைக் கொண்டுவந்து கூரையில மாட்டிவிட்டாரு. அதுலேர்ந்து ஒரு ஒயர் இறங்கி லாரி பாட்டரிக்கு வந்தது. பாட்டரியிலேர்ந்து நாலு குட்டி பல்பு, ஒரு கறுப்பு வெள்ளை டீவி. பகல்ல வெயிலைக் குடிச்சு வெச்சுக்கும், ராத்திரி வெளிச்சமா கக்கும். ஃப்ரிட்ஜும் மத்ததும் மட்டும் பழையபடி கம்பத்துக் கரண்ட்டுல.

பாட்டரியை முன் ரூம்ல மணை போட்டு உக்கார வெச்சாரு. வாரா வாரம் டிஸ்டில்ட் வாட்டர் அபிஷேகம். தீபாராதனைதான் பாக்கி. மேகம் மூடின நாள்ல டீவியில செய்தி வாசிக்கிறவர் சுருங்கிச் சுருங்கி ஸ்டாம்பு அளவுக்கு வந்துடுவாரு. சந்திரமௌலி மூக்கை டீவியில ஒட்டிக்கிட்டு, “பிரமாதமா தெரியறது!”ம்பாரு.

சட்டமும் போட்டாரு. இஸ்திரிப் பெட்டி கூடாது. மிக்ஸி கூடாது. ரமாமணி ‘ரோஸ் காரி’ங்கற அந்த ஊர் அம்மிக்கல்லு முன்னால உக்காந்து சட்னி அரைச்சா. முணுமுணுப்பு கிடையாது, முகச்சுளிப்பு கிடையாது. போதாக்குறைக்கு, “ஏன்னா, ராத்திரியில ஃப்ரிட்ஜையும் அணைச்சுடட்டுமா?”ன்னு கேட்டா. சந்திரமௌலிக்குக் கண்ணு கலங்கிடுச்சு. பந்தயத்துல எதிராளியே நமக்காக ஓடினா யாருக்குத்தான் கலங்காது? அங்கேயே அவர் உஷாராகியிருக்கணும். ஆகல.

ஒருநாள் பழைய பில்லை எடுத்து வெச்சுக்கிட்டு பாடமே நடத்தினாரு.

“இங்க பார். இது போன மாச ரீடிங். இது இந்த மாச ரீடிங். இதுலேர்ந்து அதைக் கழி. என்ன வரது?”

“தலைவலி.”

“யூனிட்டுடி! தொண்ணூறு யூனிட்! இந்த வீடு மாசம் தொண்ணூறு யூனிட் தின்னிண்டு இருந்தது. இனிமே நாப்பத்தஞ்சைத் தாண்டாது.”

“அந்த ரீடிங்கை யாருன்னா எடுக்கறா?”

“ரோபெர்னு ஒருத்தன் ஸ்கூட்டர்ல வரானே, தொப்பி போட்டுண்டு. கொல்லைப்பக்கம் போய் மீட்டரைப் பாத்து எழுதிண்டு போவான்.”

“அவன் பாக்கலேன்னா?”

சந்திரமௌலி விழுந்து விழுந்து சிரிச்சாரு. “பாக்காம எப்படிடி பில்லு வரும்? ஜோசியம் பாத்தா போடுவான்? நன்னாக் கேட்டே போ!”

ரமாமணியும் சிரிச்சா. பில்லை வாங்கி, திருப்பி, அதோட முதுகைக் கொஞ்ச நேரம் பாத்துட்டுக் குடுத்தா. பில்லுக்கு முதுகுன்னு ஒண்ணு இருக்கிறதே சந்திரமௌலிக்குத் தெரியாது. அவருக்கு எதுலயும் முகம்தான் முக்கியம்.

ஆகஸ்ட் வந்தது. ஸ்கூல் லீவு. ஒருநாள் காலையில ரமாமணி கவலையா வந்து நின்னா.

“ஏன்னா, கூரையில இவ்ளோ பெரிய சொத்து இருக்கு. யாராவது தூக்கிண்டு போயிட்டா? ஒரு நாய் இருந்தா தேவலை.”

சொத்துங்கற வார்த்தையில அவர் உருகிட்டாரு. “பேஷ்! நாய்க்கு எங்க போறது?”

“தெய்வானைகிட்ட கேட்டேன். நாலு நாளைக்குத் தரேன்னா.”

தெய்வானை மதில் ஓரம் நாயோட ரெடியா நின்னுட்டிருந்தா. அவளுக்குத் தமிழ் கோயில்ல கத்துக்கிட்ட அளவுதான். மிச்சத்தைக் கிரியோல் போட்டு நிரப்பிக்குவா; சாருக்கு ‘மிஸ்யே’ம்பா.

“மிஸ்யே, பயம் இல்ல. மினிஸ்தர் ஜாந்தி! ரொம்ப நல்லவன். கடி இல்ல, சத்தம் மட்டும்.”

“மினிஸ்தரா? மந்திரியா? நாய்க்கா அந்தப் பேரு?”

“வேலை இல்ல, தூக்கம் நிறைய, சத்தம் நிறைய. வேற என்ன பேர்?”

“எங்கே கட்டறது ரமா?”

“கொல்லையில மீட்டருக்குக் கீழே கட்டுங்கோ. அங்கேதான் நல்ல நிழல்.”

கட்டினாரு. தன் கையால, ரெட்டை முடிச்சு போட்டு, இழுத்துப் பாத்துக் கட்டினாரு.

மறுநாள் பத்து மணிக்கு ரோபெர் வந்தாரு. சந்திரமௌலி வாசல்லயே பிடிச்சுக்கிட்டாரு. ரீடிங் எடுக்க வந்த மனுஷன்கிட்ட தன் பெருமையைக் காட்டாம வேற யார்கிட்ட காட்டறது? கூரையைக் காட்டினாரு. சூரியனைக் காட்டினாரு. பாட்டரி மாதிரி கையைச் சதுரமா வெச்சுக் காட்டினாரு. ரோபெர் தலையை ஆட்டிக்கிட்டே கொல்லைப்பக்கம் திரும்பினாரு.

மினிஸ்தர் தொப்பியைப் பாத்துச்சு. சபை கூடிடுச்சு! ஓடு பறக்கற மாதிரி ஒரு சத்தம்.

ரோபெர் துள்ளிப் பின்னால வந்தாரு. “மிஸ்யே! லிஸியேன்! லிஸியேன்!”

சந்திரமௌலி பூரிச்சுப் போனாரு. சயின்ஸ்ங்கறதை பிரெஞ்சு மாதிரி சொல்றான்! “ஆமாமா! சயின்ஸ்! எல்லாம் சயின்ஸ்தான்!”

“பா காபாவ், மிஸ்யே! பா காபாவ்!”

அபாரம்னு தமிழ்லயே சொல்றானே! இவன் வம்சத்துல எங்கேயோ தமிழ் ஓடுதுன்னு நினைச்சுக்கிட்டு, “தேங்க்யூ, தேங்க்யூ”ன்னு ரோபெரோட கையைப் பிடிச்சுக் குலுக்கினாரு. ரோபெர் அவரை ஒரு பார்வை பாத்தாரு, நாயை ஒரு பார்வை பாத்தாரு, நோட்டுல ஒரு எழுத்து கிறுக்கினாரு, ஸ்கூட்டரை உதைச்சாரு, போயிட்டாரு.

“என்னன்னா சொன்னான்?” ரமாமணி ஜன்னல்லேர்ந்து கேட்டா.

“அசந்து போயிட்டான்!”

“பார்த்தேன்,” ன்னா அவ.

பதினஞ்சு நாள்ல பில்லு வந்தது. சந்திரமௌலி கவரைக் கிழிச்சாரு. தொண்ணூறு யூனிட்.

கண்ணாடியைத் துடைச்சுட்டுப் பாத்தாரு. தொண்ணூறு. ஜன்னல்கிட்டப் போய்ப் பாத்தாரு. வெளிச்சத்துல இன்னும் நல்லா தொண்ணூறு.

“ஒரு மாசமா கசங்கின சட்டை போட்டுண்டு அலைஞ்சேனேடி! ஸ்டாம்பு ஸ்டாம்பா செய்தி பாத்தேனே! சூரியன் எங்கே போனான்?”

“ஏன்னா, தொண்ணூறுக்குப் பக்கத்துல ஒரு ஈ உக்காந்திருக்கு, பாத்தேளா?”

எண்ணை ஒட்டி ஒரு இங்கிலீஷ் E இருந்தது.

“அதுவா? எனர்ஜி! E ஃபார் எனர்ஜி!” எரிஞ்சு விழுந்தாரு. “இப்போ அதுவா முக்கியம்?”

“இல்லைன்னா. நான் சும்மாத்தான் கேட்டேன்.”

பேச்சுன்னா பேச்சு, மணி வேற அடிச்சிருக்கு. அன்னிக்கே நாற்காலி கூடத்து மூலைக்குப் போச்சு. தெய்வானை வீட்டுத் தள்ளுவண்டியில மெஷின் வந்து இறங்கிச்சு. சந்திரமௌலி ஒரு பக்கம், தெய்வானை ஒரு பக்கம். “மிஸ்யே, தூக்கு! தூக்கு! பாட்டரி தீர்ந்து போச்சா?”ன்னு அவ வேற.

மெஷின் ஓட ஆரம்பிச்சுது. தட தட தட! ரமாமணியோட முகத்துல எழுந்த வெளிச்சத்துக்குத் தகடும் வேண்டாம், கம்பமும் வேண்டாம். சந்திரமௌலியே ஒரு நிமிஷம் தோத்ததை மறந்துட்டாரு. முதல்ல என்ன தைக்கப் போறா? தனக்கு ஒரு சட்டையா இருக்கும்னு மார்பை லேசா விரிச்சுக்கிட்டு நின்னாரு. அவ தைச்சது ஒரு சிவப்புக் கட்டம் போட்ட கோட்டு. நாலு கை. மினிஸ்தருக்கு.

“இந்த ஊர்ல இப்போ குளிர் காலமோன்னோ. பாவம்,” ன்னா.

இவளுக்குத்தான் என்ன ஜீவகாருண்யம்னு சந்திரமௌலி நெகிழ்ந்து போனாரு.

அடுத்த மாசம் ரோபெர் வந்தபோது கொல்லையில நாய் இல்ல. நிம்மதியா மீட்டரைப் பாத்தாரு, ரமாமணி குடுத்த மோரைக் குடிச்சாரு, போனாரு. அப்புறம் பில்லு வந்தது.

நாலு யூனிட்.

“நாலு! ரமா, நாலு!” சந்திரமௌலி கூடத்துல ஒரு சுத்து ஆடினாரு. “மெஷின் ஓடியும் நாலு! சூரியன் சூடுபிடிக்க ஒரு மாசம் எடுத்துண்டிருக்கான்டி!” தெருவுக்கே காட்டலாம்னு பில்லை உயர்த்திப் பிடிச்சாரு. வெயில்ல பில்லோட முதுகு தெரிஞ்சது. முதல் தடவையா அதைப் படிச்சாரு. E-ன்னா எஸ்டிமேட். ஆள் மீட்டரைப் பாக்க முடியலைன்னா முந்தின மாசங்களை வெச்சு உத்தேசமா ஒரு கணக்கு. கூடுதலாப் போட்டிருந்தா அடுத்த தடவை நிஜ ரீடிங் எடுக்கும்போது கழிச்சுக்குவாங்க.

ஆட்டம் பாதியில நின்னுச்சு.

“ரமா... ஆகஸ்ட்டுல ரோபெர் மீட்டரையே பாக்கலையா?”

“எப்படிப் பார்ப்பான்? கீழே மினிஸ்தர்.”

“சயின்ஸ், சயின்ஸ்னானே?”

“லிஸியேன்னா நாய்.”

“அபாரம்னானே?”

“பா காபாவ். முடியாதுன்னு அர்த்தம்.”

“திட்டம் போட்டு நாயைக் கட்டியிருக்கே!”

“யாரு கட்டினா?”

சந்திரமௌலி தன் ரெண்டு கையையும் பாத்தாரு. ரெட்டை முடிச்சு ஞாபகம் வந்தது.

“அன்னிக்கு அவன் போனப்புறம் நானே மீட்டரைப் பாத்தேன்,” ன்னா ரமாமணி, ஊசியில நூலைக் கோத்துக்கிட்டே. “நீங்க சொல்லிக்குடுத்த மாதிரியே கழிச்சேன். நாப்பது யூனிட். நன்னாத்தான் சொல்லிக்குடுக்கறேள்.”

“நாப்பதா! அப்போ நான்தானே ஜெயிச்சேன்?”

“சந்தேகமே இல்லை. நீங்கதான் ஜெயிச்சேள்.”

“அப்புறம் எதுக்குடி சட்னியைக் கல்லுல அரைச்சே? ஃப்ரிட்ஜை அணைச்சே?”

“மெஷின் வந்தா அதுக்குக் கரண்ட்டு வேண்டாமா? முன்கூட்டியே மிச்சம் பிடிச்சேன்.”

“முடியாது! மெஷினைத் திருப்பிக் குடு! என் நாற்காலி வரணும்!”

“ஏன்னா, நீங்க தமிழ் வாத்தியார்தானே? தமிழ்ல ஈன்னா என்ன?”

“பூச்சி.”

“இன்னொரு அர்த்தம்?”

சந்திரமௌலிக்கு இது அத்துப்படி. போன வாரம்தான் கிளாஸ்ல சத்தம் போட்டுச் சொல்லிக்குடுத்தாரு. எழுத்து ஒண்ணு, வார்த்தையும் அதுவேன்னு.

“...கொடு.”

“பில்லுலயே போட்டிருந்தது. நீங்களும் குடுத்தேள். குடுத்ததைத் திரும்பக் கேக்கலாம்னு உங்க பாடப் புஸ்தகத்துல இருக்கா?”

இல்லை. அவர் தேடிப் பாக்கக்கூட இல்லை.

“நாய்க்குக் கோட்டு தைச்சது ஜீவகாருண்யம் இல்லை. கூலி. அப்படித்தானே?”

“ஆமா. பாவம், ஒரு நாள் பூராக் குரைச்சுதே.”

“குரைச்சதுக்குக் கோட்டு. கூரையில சூரியனையே கொண்டுவந்து நிறுத்தினவனுக்கு?”

“உங்களை மறப்பேனா?” மெஷினுக்கு அடியிலேர்ந்து ஒரு அரைக்கோட்டை எடுத்து நீட்டினா. அவசரமா மாட்டிக்கிட்டாரு. தோள்ல கொஞ்சம் பிடிச்சது, ஆனா ஜோரா இருந்தது. வாசலுக்கு வந்து நின்னாரு.

தெய்வானை மதிலுக்கு மேல எட்டிப் பாத்துக் கை தட்டினா. “மிஸ்யே, ஜோலி! ரொம்ப அழகு! அச்சு மினிஸ்தர்!”

சந்திரமௌலி நெஞ்சை நிமித்தினாரு. “கேட்டியா ரமா? மந்திரி மாதிரி இருக்கேனாம்!”

மதிலுக்கு அந்தப் பக்கம், அதே சிவப்புக் கட்டம் போட்ட கோட்டோட ஒண்ணு எம்பிக் குதிச்சு, அவரைப் பாத்து பிரியமா வாலை ஆட்டிச்சு.

“அவனுக்கு வெட்டினதுல மிச்சத் துணிதான்னா,” ன்னா ரமாமணி.