நிஸ்மியா மிஸ்ஸின் சம்மந்தி

அன்பின் றம்லா ராத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உம்மாவும் நாங்களும் இங்கு நல்ல சுகம். தோஹாவில் நீங்களும் மச்சானும் சுகமாயிருக்க ஒவ்வொரு தொழுகையிலும் துஆக் கேட்கிறேன். போனில் சொல்லாமல் எழுதுவதற்குக் காரணம், நான் வாய் திறந்தால் உம்மாவின் காது அடுத்த அறையிலிருந்து எழும்பி வந்துவிடும். மகன் ஷிஹானும் இப்போதுதான் தூங்கினான்.

எங்கள் கந்தோர் மேலதிகாரி நிஸ்மியா மிஸ்ஸை உங்களுக்குத் தெரியும்தானே, ஒரு திகதி பிழையானால் முழுக் கந்தோரையும் நிற்க வைக்கிறவ. கனகாலம் காத்திருந்து பெற்ற அவட மகள் மின்ஹாவும் நம்மட ஷிஹானும் பகலில் கந்தோருக்குப் பின்னாலுள்ள பீற்றிஸ் அன்ரி வீட்டில்தான் வளர்கிறார்கள். ஒருநாள் ஷிஹான் மின்ஹாவின் விரலைப் பிடித்தவன் விடவேயில்லை. "மாப்பிள்ள இப்பவே புடிச்சிட்டாரு" என்று மிஸ் சிரித்தா. அன்றிலிருந்து நான் அவவுக்குச் சம்மந்தி. "சம்மந்தி, அந்த அறிக்கை எங்க?" "சம்மந்தி, நேரமாகிட்டு, புள்ளைக்குப் பால் குடுக்கப் போங்க." கந்தோரே சிரிக்கும், எனக்குக் கூச்சம். ஆனால் என்னை வேலையில் நிரந்தரமாக்க மிஸ்தான் சிபாரிசு எழுத வேண்டும் என்பதால், உண்மையைச் சொன்னால், அந்தக் கூச்சம் எனக்கு வேண்டியும் இருந்தது.

போன கிழமை மழைக்குள் மிஸ் வேலையாக வெல்லாவெளிக்குப் போய், வெள்ளம் ரோட்டை மூடி, அங்கேயே மாட்டிக்கொண்டா. மின்ஹா போத்தலைத் தட்டிவிட்டு அழுது நீலமாகிவிட்டாள். ஷிஹானுக்குப் பால் கொடுக்கப் போன என்னைப் பீற்றிஸ் அன்ரி பார்த்து, "பாத்துக்கொண்டு நிக்கிறாயே மகள், உன்னட்ட இல்லாததா?" என்றா. நான் யோசிக்கவேயில்லை ராத்தா, தூக்கிப் பால் கொடுத்துவிட்டேன். பின்னேரமும் கொடுத்தேன். பெருமையோடு வீட்டுக்கு வந்து இவரிடம் சொன்னால், ஹில்மி தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "அல்லாஹ்வே! அப்ப ஒரே தாயிட பால் குடிச்சி ரெண்டும் பால்குடிச் சகோதரமாச்சே. எப்பிடிக் கலியாணம் முடிக்கிற? சம்மந்தத்த நீயே முறிச்சிப் போட்டாய்" என்கிறார். பல் முளைக்காத பிள்ளைகளின் கலியாணம் முறிந்ததற்கு நான் அழுதேன் என்றால் நம்புவீர்களா? அழுதது கலியாணத்துக்கு இல்லை, சிபாரிசுக்கு.

மறைத்துவிடலாம் என்றும் நினைத்தேன். ஆனால் வளர்ந்தபின் இதுகள் உண்மையாகவே ஆசைப்பட்டால் அந்தப் பாவம் என் தலையில்தானே? மிஸ்ஸின் அறைக்குள் போய், "மிஸ், நம்மட சம்மந்தம் சரிவராது" என்று தொடங்கிவிட்டேன்.

மிஸ் பேனையை வைத்தா. "ஏன், என்ட மகளுக்கு என்ன குறை?"

எல்லாவற்றையும் சொன்னேன். மிஸ் எழும்பிப் போய்க் கதவைச் சாத்தினா. ஏச்சு வாங்கத்தான் என்று நின்றேன். அவ என்னைக் கட்டிப்பிடித்து அழுதா ராத்தா! "வெள்ளத்துக்குள்ள நிண்டு என்ட புள்ள பசியோட கிடக்கும் எண்டு துடிச்சிப் போனன். நீங்க பால் குடுத்திரிக்கீங்க. கலியாணம் முறியும், சகோதரம் முறியுமா?" பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "உங்கட சிபாரிசு போன மாசமே அனுப்பியாச்சி. பால் வேற, பைல் வேற. அறிக்கையில மூணாம் பக்கம் பிழை, திருத்திக் கொண்டு வாங்க" என்றா.

அல்லாஹ் எனக்கு இப்படியொரு மேலதிகாரியைத் தந்தானே என்று நினைக்க நினைக்க நெஞ்சு நிறைகிறது. அடுத்த நாளே "மின்ஹாட நானாவுக்கு" என்று ஷிஹானை அண்ணனாக்கிச் சட்டை ஒன்று கொண்டு வந்தா. கந்தோர் முழுக்கச் சொல்லி வட்டிலப்பமும் பகிர்ந்தாயிற்று. நீங்களும் அவவுக்காகத் துஆச் செய்யுங்கள். மச்சானுக்கு எங்கள் ஸலாம். அல்லாஹ் உங்கள் எல்லோரையும் நோய் நொடியின்றி வைத்திருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் தங்கச்சி
இன்ஷிரா

பி.கு: ஹில்மி இஷா தொழுதுவிட்டு இப்போதுதான் வந்தார். மௌலவியிடம் விசாரித்தாராம். வயிறு நிறைய ஐந்து தரமாவது குடித்தால்தான் பால்குடி உறவாம். நான் கொடுத்தது இரண்டே இரண்டு தரம். இனி இதை மிஸ்ஸிட்ட ஆர் போய்ச் சொல்ற? நாளைக்கும் அவவுக்கு வெளிவேலை இருக்கிறது. சத்தமில்லாமல் இன்னும் மூன்று தரம் கொடுத்து முடித்துவிடட்டா ராத்தா?