குலுக்கிய போத்தல்

வாய் திறக்கவேண்டிய நேரத்தில் மட்டும் வாயை மூடிக்கொள்ளும் பிறவி நான். (மற்ற நேரத்தில் ஓயாது, மனைவியைக் கேளுங்கள்.)

தொண்ணூறுகளின் நடுவில், ரொறன்ரோ ரெஸ்ரோரன்ட் ஒன்றில் கோப்பை கழுவிக்கொண்டிருந்த என்னைப் பரிமாறுகிறவனாக ஏற்றி மூன்று நாள். கழுத்தில் கறுப்பு போ டை. தலைகால் தெரியவில்லை.

அன்று மத்தியானம் ஈரி ஏரிப் பக்கமிருந்து ஒரு வெள்ளைக்காரத் தோட்டக்காரர் வந்தார். புகையிலை விளைகிற அந்த மண்ணில் சிவப்பு வைனா என்று ஊரே சிரிக்க, காணி முழுக்கத் திராட்சை நட்டவர். வருடக்கணக்கில் காத்திருந்து எடுத்த முதல் வைனில் ஒரு போத்தல் கொண்டுவந்திருந்தார். எங்கள் முதலாளிக்குப் பிடித்தால் ரெஸ்ரோரன்ட் பட்டியலில் ஏறும். நகரத்தில் வேறு யாரும் அவரை உள்ளே விடவில்லை.

திறந்து ஊற்றும் பொறுப்பு எனக்கு. போத்தலின் அடியில் கறுப்பாக மண்டி கிடந்தது. யாழ்ப்பாணத்தில் வயிற்றுவலிக்கு அரிஷ்டம் தரும்போது, மண்டியில்தான் சத்து என்று அம்மா நன்றாகக் குலுக்குவா. நிறமும் அதே நிறம். குசினிக்குள் நின்று இரண்டு கையாலும் குலுக்கினேன். (போதாதோ என்று இன்னொரு முறையும்.)

முதலாளி ஒரு வாய் வைத்தார். பல்லில் நறநறத்தது முகத்தில் தெரிந்தது. சேற்றுத் தண்ணீர் என்றார். தோட்டக்காரர் கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, தன்னில்தான் ஏதோ பிழை என்று மன்னிப்புக் கேட்டார்.

சமையல்கார இராசண்ணை என்னைக் குசினிக்குள் இழுத்தார். "நீ குலுக்கினதைப் பாத்தனான். வைன்ல மண்டியைக் கலக்கக்கூடாதடா. போய்ச் சொல்லு."

"சொன்னா வேலை போயிடும் அண்ணை."

"உனக்கு மூண்டு நாள் வேலை. அந்தாளுக்கு எத்தினை வருசம்?"

நான் போகவில்லை. போத்தலை அணைத்தபடி வெளியேறியவருக்குக் கதவைத் திறந்துவிட்டு, மீண்டும் வாருங்கள் என்றேன். வெட்கங்கெட்டவன்.

பத்து வருடம் கழித்து இதை மனைவியிடம் உளறிவிட்டேன். அடுத்த சனிக்கிழமையே அந்தத் தோட்டத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். அவர் தலை நரைத்து, தோட்டத்து வைன் கடை வாசலில் நின்றார். என்னை அடையாளம் தெரியவில்லை. நாங்கள் குடியிருக்கும் அஜக்ஸிலிருந்து வழிநெடுகப் பாடமாக்கிய மன்னிப்பை நான் தொடங்குமுன் அவரே கதை சொன்னார்: முதல் தடவை ரொறன்ரோவுக்குக் கொண்டுபோன வைனை 401 நெடுஞ்சாலை குலுக்கிக் கலக்கிவிட்டதாம். அதன்பிறகு ஒவ்வொரு போத்தலையும் போர்வையில் சுற்றி, சின்னத் தெருக்களால் ஊர்ந்துதான் கொண்டுபோவாராம்.

மனைவி என்னைப் பார்த்தாள். நான் இரண்டு பெட்டி வாங்கினேன். வேறொன்றும் சொல்லவில்லை.

இன்றைக்கும் வீட்டில் எது உடைந்து கிடந்தாலும், யார் செய்தது என்று நான் கேட்டால், அவள் நிமிர்ந்தும் பார்க்கமாட்டாள்.

"401தான் குலுக்கிப்போட்டுது."

அதற்குமேல் நான் கேட்பதில்லை.