நாற்பது ஊர்க் கலாவும் ஓர் அப்டேட்டும்

எப்போது வரும், எதை அடித்துக்கொண்டு போகும் என்று யாராலும் சொல்ல முடியாதவை எங்கள் பக்கத்தில் இரண்டு. ஒன்று அடையாற்று வெள்ளம். இன்னொன்று தேடுபொறியின் அல்காரிதம் மாற்றம். வெள்ளத்துக்காவது வானிலை அறிக்கை உண்டு.

வெப்சைட் செய்வது என் தொழில். (தொழில் என்பது நான் சொல்வது. "லேப்டாப் முன்னாடி உக்காந்திருக்கான்" என்பது வீட்டில் சொல்வது.) என் அக்கா கலாவின் கணவர் செல்வம் மாமா, சேலையூரில் கம்பெனி வேலை போக ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் தண்ணீர்த் தொட்டி சுத்தம் செய்து வந்தார். அவருக்கு ஒரு வெப்சைட் போட்டேன்.

தாம்பரத்துக்கு ஒரு பக்கம் எழுதினேன். பிறகு ஊர்ப் பெயரை மட்டும் மாற்றி குரோம்பேட்டை, பம்மல், கூடுவாஞ்சேரி என்று நாற்பது பக்கங்கள். ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு வாடிக்கையாளர் பாராட்டு: "அருமையான சேவை. இப்படிக்கு, கலா." (வாடிக்கையாளர் கிடைக்கவில்லை. அக்கா கிடைத்தாள்.)

எந்த ஊரைத் தேடினாலும் நாங்களே முதலிடம். ஃபோன் ஓயவில்லை. மாமா கம்பெனி வேலையை விட்டார், லோன் போட்டுப் புது வண்டி எடுத்தார். "உன்ன நம்பித்தான் மச்சான்" என்றார். விமானத்தைக் கண்டுபிடித்தவனைப்போல் நான் அடக்கமாகத் தலையசைத்தேன்.

நடுவில் ஒரு சம்பவம். அனகாபுத்தூரில் ஒரு மொட்டைமாடித் தொட்டியின் உள்ளழுக்கைப் படமெடுக்கத் தலைகீழாகக் குனிந்தவன், இடுப்போடு தொட்டி வாய்க்குள் சிக்கிக்கொண்டேன். மாமா சோப்புத் தண்ணீர் ஊற்றி இழுத்தார். இழுப்பதற்கு முன் ஒரு படம் எடுத்தார். நீல வானம், கருப்புத் தொட்டி, நடுவே என் இரண்டு கால்கள். பழகிக்கொள்ளட்டும் என்று நான் கொடுத்திருந்த பாஸ்வேர்டை வைத்து அதை வெப்சைட்டிலேயே போட்டுவிட்டார். தொட்டி வாய் எவ்வளவு குறுகல், சிக்கிய ஆளை எப்படி எடுப்பது, ஆளே இறங்காமல் எப்படிச் சுத்தம் செய்வது என்று பொறுமையாக எழுதியும் இருந்தார்.

"இதுல ஜனங்க தேடுற மாதிரி உருப்படியா ஒரு கீவேர்டு கூட இல்ல மாமா. ஒருத்தரும் பார்க்க மாட்டாங்க" என்று சொல்லி விட்டுவிட்டேன்.

வண்டிப் பூஜை சிங்கப்பெருமாள் கோவிலில். சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம், சுற்றிலும் சொந்தக்காரர்கள். மாமா என் காதருகே வந்தார்.

"ரெண்டு மூணு நாளா ஒரு கால் கூட வரல மச்சான். வேலைய வேற விட்டுட்டேன்."

"டவர் இருக்காது மாமா" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். கூட்டத்தைப் பார்த்து, "எல்லாரும் நெட்ல தேடிப் பாருங்க, யார் முதல்ல வர்றாங்கன்னு" என்று அறிவித்தேன்.

எல்லாரும் தேடினார்கள்.

"முதல் பக்கத்துல இல்லையேப்பா" என்றார் சித்தப்பா.

"கீழ தள்ளுங்க சித்தப்பா."

"தள்ளிட்டேன். அடுத்த பக்கமும் தள்ளிட்டேன். இப்ப ஏதோ மதுரைல ஒருத்தன் வர்றான்."

அக்கா நேராக வெப்சைட்டுக்கே போய்விட்டாள். "கலா, பம்மல். கலா, கூடுவாஞ்சேரி. ஏன்டா, எனக்கு இத்தனை ஊர்ல வீடு இருக்கா? சொல்லியிருந்தா ஒண்ணையாவது வாடகைக்கு விட்டிருப்பேனே."

எல்லாரும் சிரித்தார்கள். மாமா மட்டும் எலுமிச்சம்பழத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஓரமாகப் போய் ஃபோனைத் தடவினேன். அந்த வாரம்தான் அல்காரிதம் மாறியிருந்தது. ஊர்ப் பெயரை மட்டும் மாற்றிப் பக்கம் போடுகிற தளங்களையெல்லாம் ஒரேயடியாகக் கீழே இறக்கிவிட்டதாம். நோட்டீஸ் இல்லை, விசாரணை இல்லை. எங்கோ இருக்கிற ஒன்று, என் சொந்தச் சித்தப்பாவே படிக்காத நாற்பது பக்கங்களையும் படித்து, நாற்பது கலாவும் ஒரே கலாதான் என்று கண்டுகொண்டிருக்கிறது. கோவில் குகைக்குள்ளே, இந்தத் தலத்துக்கே உரிய நெற்றிக்கண்ணோடு நரசிம்மர். அவர் பக்கமும் திரும்பத் தைரியம் வரவில்லை.

அப்போது மாமாவின் ஃபோன் அடித்தது. அவர் பதற்றத்தில் ஸ்பீக்கரை அழுத்திவிட்டார்.

"சார், எங்க வீட்டுத் தொட்டிக்கு வாய் ரொம்பச் சின்னது. எப்படிக் கழுவறதுன்னு நெட்ல தேடினேன். உங்க பக்கம்தான் முதல்ல வந்துச்சு. ஆளு எறங்காமயே கழுவலாம்னு எழுதியிருக்கீங்களே, வர்றீங்களா?"

"வர்றேம்மா" என்றார் மாமா.

"ஒண்ணு சார். படத்துல கால் மட்டும் தெரியுதே, அவர மட்டும் கூட்டிட்டு வராதீங்க."

மாமா சிரித்தார். அன்றைக்கு அவர் முதலில் சிரித்தது அப்போதுதான். நாற்பது பக்கப் பொய்களுக்கு நடுவே கிடந்த ஒரே உண்மையை, அதுவும் தலைகீழாக நின்ற உண்மையை, அந்தக் கண் தேடி எடுத்து மேலே வைத்திருந்தது.

அன்று மாலையே கலாக்களையெல்லாம் அழித்தேன். இப்போது மாமாவே ஒவ்வொரு வேலையையும் எழுதிப் போடுகிறார். ஃபோன் வருகிறது. வண்டியின் பின்புறம் அந்த இரண்டு கால்களையும் பெயின்ட்டில் வரைந்திருக்கிறார், லோகோவாம்.

போன மாதம் ஒரு கல்யாணத்தில் ஒருவர் என் முகத்தை உற்றுப் பார்த்தார். "எங்கயோ பார்த்த மாதிரி இருக்கே தம்பி."

பக்கத்தில் நின்ற அக்கா சொன்னாள்: "மூஞ்சில தேடாதீங்க சார். கால பாருங்க."