கரண்ட் எழுதிய பெயர்

கணினிக்குப் பொய் சொல்லத் தெரியாது. எனக்குத் தெரியும் என்பதை எழுபதாவது வயதில்தான் கண்டுகொண்டேன். முப்பத்து நான்கு வருடம் கணிதம் படிப்பித்து, பொய் சொன்ன பிள்ளைகளை வகுப்புக்கு வெளியே நிறுத்தியவன் நான். (அப்படி நின்றவர்கள் யாராவது இதை வாசித்தால் தாராளமாகச் சிரிக்கலாம்.)

எங்கள் சாய்ந்தமருதில் மகளுக்குக் கல்யாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். பெரிய வீடு அவர்களுக்கு. பெற்றவர்கள் பின்னால் ஓர் அறையும் சமைக்கக் குசினியுமாக ஒதுங்கிவிடுவோம். அப்படி நிந்தவூரிலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்தவர் ரிஸ்வான். கட்டப்போகிற வீடுகளுக்குப் படம் வரைவது தொழில். பேச்சுக் குறைவு. என் மனைவி ஜெஸீமா அவருக்கு முன்னால் வாயே திறப்பதில்லை, மாமி வெட்கம். கல்யாணமாகி மூன்று மாதமாக, கதவுச் சீலைக்குப் பின்னால் நின்று, "சோறு ஆறுதாம் எண்டு மருமகனுக்குச் சொல்லுங்க" என்று என்னிடம் சொல்வாள். அவர் முழுவதையும் காதால் கேட்டுக்கொண்டிருப்பார். நான் மறுபடியும் சொல்வேன். அவரும் புதிதாகக் கேட்பதுபோல எழும்புவார்.

ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து மகளும் மருமகனும் நிந்தவூருக்குப் புறப்பட்டார்கள். லெப்டொப் மேசையில் இருந்தது.

"இது சரியான மெதுவா வேல செய்யுது மாமா. வந்துதான் கடையில குடுக்கணும். ஞாயிறு நாலு மணிக்கு டோஹாவில இரிக்கிற ஒராளுக்கு இதுலதான் வீட்டுப் படம் காட்டணும். முதலாவது பெரிய வேல" என்றார்.

கடையில் ஏன் கொடுக்க வேண்டும்? பாடசாலைப் பிரதி அதிபராக ஓய்வு பெற்ற பிறகு ஆறு வாரக் கணினிப் பாடநெறி படித்தவன் வீட்டிலேயே இருக்கிறேனே! சான்றிதழ் கண்ணாடி போட்டுச் சுவரில் தொங்குகிறது. கணினியைத் துடைத்து இயங்குதளத்தைப் புதிதாகப் போடும் பென் டிரைவ் ஒன்றையும் பாடநெறியில் தந்திருந்தார்கள்.

"கேட்டுட்டா செய்றீங்க?" என்றாள் ஜெஸீமா.

"சொல்லாமச் செஞ்சாத்தான் சந்தோசம்."

"ஆருக்கு?"

அந்தக் கேள்விக்கான பதிலை இன்று சொல்கிறேன்: எனக்கு. மருமகனுக்கு உதவ வேண்டும் என்பதல்ல என் எண்ணம். மாமா கெட்டிக்காரர் என்று அவர் நிந்தவூரில் போய்ச் சொல்ல வேண்டும்.

வேலை சுலபமாகத்தான் நடந்தது. பழையது அழிந்தது, புதியது ஏறியது. நடுவில், இதைப் பாவிக்கப்போகிறவர் யார் என்று கணினி கேட்டது. படிவம் என்று வந்தால் நான் உண்மையைத்தான் எழுதுவேன். "இத்ரீஸ் சேர், பிரதி அதிபர்" என்று ஆங்கிலத்தில் எழுதினேன். "ஓய்வு" என்பதற்கு இடம் போதவில்லை. ஆகவே அந்த லெப்டொப்பில் நான் இன்னும் சேவையில் இருக்கிறேன்.

திரை திறந்ததும் எழுத்தெல்லாம் கடைப் பெயர்ப்பலகை போலப் பெரிதாக வந்தது. ஒரு கண்ணில் கண்புரை வெட்டியவனுக்கு இதைவிட என்ன வேண்டும்? "பாருங்க, கண்ணாடி இல்லாம வாசிக்கலாம்!" என்று மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். திரைக்குரிய டிரைவர் இல்லாததால் வந்த நோய் அது என்பது எனக்குத் தெரியாது. பிறகு குர்ஆன் ஓதலைப் போட்டேன், சத்தமில்லை. இணையமும் இல்லை. கணினி உறுப்புகளின் பட்டியலைத் திறந்து பார்த்தால் ஏழு மஞ்சள் முக்கோணங்கள். வாழ்நாளெல்லாம் மற்றவர்களின் கொப்பியில் பிழை போட்டவனுக்கு ஒரு கணினி பிழை போட்டிருந்தது.

டிரைவர் என்பது மொழிபெயர்ப்பாளர் மாதிரி. நமக்குச் சிங்களம் தெரியாமல் அரசாங்கக் கச்சேரிக்குப் போனால் நடுவில் ஒருவர் நிற்பாரே, அவர்தான். அவர் இல்லாவிட்டால் கணினியும் அதன் உறுப்புகளும் ஒன்றையொன்று வெறித்துப் பார்த்துக்கொண்டிருக்கும். அவர் எங்கே என்று கேட்டால், இணையத்தில் இருக்கிறார், போய் எடு என்றது கணினி. இணையத்துக்குப் போகும் வழியிலேயே ஒரு முக்கோணம் நின்றது. அலுமாரித் திறப்பை அலுமாரிக்குள்ளேயே வைத்துப் பூட்டிய கதை.

சனிக்கிழமை கல்முனையில் கணினிக் கடை வைத்திருக்கும் என் பழைய மாணவனுக்கு அழைப்பெடுத்தேன்.

"மொடல் நம்பர் என்ன சேர்? அடியில ஒட்டியிரிக்கும்."

அடியில் எழுத்து எறும்பு போல இருந்தது. சார்ஜர் கட்டியில் நல்ல தெளிவாக ஒரு நம்பர் இருந்தது. அதைச் சொன்னேன். (சார்ஜர் வேறு கம்பனியுடையது. பழையது பழுதாகி, மருமகன் வாங்கிய மாற்று.) பஸ் ஏறிப் போய், அவன் தந்ததைப் பென் டிரைவில் கொண்டுவந்து போட்டேன். இது உமது கணினிக்குப் பொருந்தாது என்றது. பொருந்தாது என்று சொன்னவுடன் விட்டுவிடுகிற மாணவனா நான்? வற்புறுத்திப் போட்டேன். முக்கோணம் ஒன்பதாயிற்று. அம்புக்குறி சுவரில் ஒட்டிய பல்லி போல அசையாமல் நின்றது.

"இன்னா லில்லாஹி" என்று சாவுச் செய்திக்குச் சொல்வதைச் சொன்னாள் ஜெஸீமா.

"இன்னும் மௌத்தாகல்ல. சும்மா இருங்க."

ஞாயிறு மூன்று மணிக்கு அவர்கள் வந்து சேர்ந்தார்கள். நான்கு மணிக்கு டோஹா. ரிஸ்வான் நேரே மேசைக்குப் போனார். அவர் மூடியைத் திறக்குமுன் என் வாய் திறந்துகொண்டது.

"மகன், நேத்து கரண்ட் போய்ப் போய் வந்தது. அதுக்குப் பொறகு இதுவும் ஒரு மாதிரியாத்தான் இரிக்கி."

சொல்லிவிட்டேன். முப்பத்து நான்கு வருடச் சேவை ஒரே வசனத்தில் போயிற்று.

அவர் லெப்டொப்பை முடுக்கினார். திரை நீலமாகியது. அதில், பெருத்துப்போன அந்த எழுத்தில், இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை: வருக, இத்ரீஸ் சேர், பிரதி அதிபர்.

ரிஸ்வான் வாசித்தார். என்னைப் பார்க்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு, "ஓம் மாமா, கரண்ட் கூடிக் குறைஞ்சா இப்பிடித்தான் வரும்" என்றார்.

அப்போதுதான் கதவுச் சீலை விலகியது. மூன்று மாதமாக அவர் முன் ஒரு சொல் பேசாத ஜெஸீமா, கண்ணாடியும் போடாமல், அந்தத் தூரத்திலிருந்தே திரையை வாசித்துவிட்டு மருமகனிடம் நேரடியாகச் சொன்னாள்:

"நல்ல கரண்ட் மகன். போகக்குள்ள உங்கட மாமாட பேரையும் எழுதி வெச்சிட்டுப் போயிரிக்கி."

மகள் சிரித்த சிரிப்பில் கதிரையில் உட்கார்ந்துவிட்டாள். ரிஸ்வான் எவ்வளவோ அடக்கிப் பார்த்தார், தோள்கள் குலுங்கின. பிறகு பையிலிருந்து மவுஸை எடுத்துக் குத்தி, தன் கைத்தொலைபேசியை ஒரு வயரால் லெப்டொப்புடன் இணைத்தார். தொலைபேசியின் இணையம் அந்த வயர் வழியாக உள்ளே போயிற்று. முக்கோணங்கள் ஒவ்வொன்றாக மறைந்தன. அவர் எடுத்த அந்த வயர் இரண்டு நாளும் என் மேசை லாச்சிக்குள்தான் கிடந்தது.

வீட்டுப் படங்கள் கணினியின் வேறு பகுதியில் இருந்ததால் தப்பின. (என் கெட்டித்தனமல்ல, அல்லாஹ்வின் காவல்.) ஆனாலும் நான்கு மணி நாலரை ஆயிற்று. டோஹாக்காரர் கோபத்தோடு ஏதோ சொல்வது கேட்டது. நான் வெளியே நின்றேன்.

"மன்னிச்சுக்கங்க. பிழை என்ட பக்கம்தான்" என்றார் ரிஸ்வான்.

மாமா என்றொரு சொல் அவர் வாயில் வரவில்லை. வந்திருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும். படம் பிடித்துப்போய் அந்த வேலை அவருக்குக் கிடைத்த பிறகும் அந்த வசனம் எனக்குள் கிடந்து குத்தியது. மஃரிப் தொழுதுவிட்டு வரும்போது நானே தொடங்கினேன்.

"மகன், அது கரண்ட் இல்ல. நான்தான். பொய் சொல்லிட்டன்."

"தெரியும் மாமா."

"பேரப் பாத்தா?"

"இல்ல. நிந்தவூருக்கும் இஞ்சைக்கும் ஒரே கரண்ட் லைன்தானே. நேத்து எங்கட பக்கம் கரண்ட் போகவே இல்ல."

அதன்பின் எங்கள் வீட்டில் எது உடைந்தாலும், கருகினாலும், காணாமற்போனாலும் கரண்ட்தான் செய்தது. அதற்குப் பிறகு பிறந்த பேத்திகூடக் கோப்பையை உடைத்துவிட்டு, "கரண்ட் வந்து தட்டிட்டு" என்று என் முகத்தைப் பார்க்கிறாள். ஜெஸீமாவுக்கும் வெட்கம் போனதோடு போயிற்று. இப்போது மாமியும் மருமகனும் கூடிக் கதைப்பதே என்னைப் பற்றித்தான்.

போன மாதம் ரிஸ்வான் புது லெப்டொப் வாங்கினார். நான் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு தூரத்தில் நின்றேன். யார் பாவிக்கப்போகிறவர் என்று அதுவும் கேட்டது. அவர் சற்றும் யோசிக்காமல் எழுதினார்: இத்ரீஸ் சேர், பிரதி அதிபர்.

"ஏன் மகன், உங்கட பேரப் போடுங்களன்."

"வேணாம் மாமா. மத்தப் பேரெண்டா கரண்ட் போயிரும்."