கரை ஒழுகும்போது இறகு யாரிடம்?

வாயைக் கட்டிப்போட்டுவிட்டு அதற்குக் ‘கலந்துரையாடல்’ என்று பெயர் வைத்தவனே, உன்னைத்தான் சொல்கிறேன். உன் புண்ணியத்தில் ஒரு காட்டில் நடந்த கூத்தைக் கேள்.

அந்தக் காட்டில் ஓர் ஏரி. அதன் கரையில் எப்போதும் ஏதாவது உடைப்பு. யானை மொட்டையப்பன் கல் உருட்டுவான், கரடி சடையாண்டி மண் அப்புவான், முள்ளம்பன்றி வீராயி இண்டு இடுக்கில் வேரைச் செருகுவாள். மூவருக்கும் வசவுதான் பாஷை. “ஏ தொந்தி, தூங்குறியா?” என்று சடையாண்டி கத்தினால், பெரிய கல் வேண்டும் என்று மொட்டையப்பனுக்குத் தெரியும். “போடா பரட்டை” என்று பதில் வந்தால், கல் வருகிறது, ஒதுங்கு. வேலை விறுவிறுவென்று நடக்கும்.

கரைக்குக் கீழேதான் வீராயியின் வளை. உள்ளே இன்னும் முள் விறைக்காத குட்டிகள்.

அப்போதுதான் நரி கோமதிநாயகம் மேற்பார்வைக்கு வந்தார். கலந்துரையாடல் பயிற்சி முடித்த கையோடு ஒரு மயிலிறகும் கொண்டுவந்தார். “இனிமே வசவு கூடாது. வட்டமா உட்காருவோம். இறகு வச்சிருக்கிறவர் பேசணும், மத்தவங்க கேட்கணும். எல்லாரும் எல்லாரையும் புரிஞ்சுக்கிட்ட பிறகுதான் கல்லைத் தொடணும்.”

மழை பிடித்துக்கொண்ட அன்று இறகு சடையாண்டியிடம் இருந்தது. “பரட்டைன்னு சொல்றப்பல்லாம் மனசுக்குள்ள சுருக்குனு இருக்கும். வெளிய காட்டிக்கிட்டதில்ல” என்று மூக்கை உறிஞ்சினான்.

மொட்டையப்பன் கரையில் தண்ணீர் ஒழுகுவதைப் பார்த்துவிட்டுத் தும்பிக்கையைத் தூக்கினான். கோமதிநாயகம் உதட்டில் விரல் வைத்தார்.

“ஐயா, என் வளைக்குள்ள தண்ணி போகுது” என்றாள் வீராயி.

“இறகு உங்ககிட்ட இல்லையேம்மா. அடுத்த சுத்துல சொல்லுங்க.”

“அதுவரைக்கும் என் பிள்ளைங்க மூச்சைப் பிடிச்சுக்கிட்டு இருக்குமா?”

“உங்க ஆதங்கம் புரியுது. அதையும் இறகு வந்ததும் பகிர்ந்துக்கங்க.”

வீராயிக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. இறகுதானே வேண்டும்? தன் முதுகிலிருந்து மூன்று முள்ளைப் பிடுங்கினாள். “இந்தா தொந்தி, உனக்கொண்ணு. பரட்டை, உனக்கொண்ணு. எனக்கொண்ணு. இப்பப் பேசுங்கடா.”

மூவரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். யாரும் யார் பேச்சையும் கேட்கவில்லை. எல்லோருக்கும் எல்லாம் புரிந்தது. கல் உருண்டது, மண் விழுந்தது, வேர் இறுகியது. குட்டிகள் தொப்பலாக நனைந்து, தும்மிக்கொண்டே வெளியே வந்தன.

மறுநாள் சிங்கராஜா வந்து கரையைத் தட்டிப் பார்த்தார். “எல்லாம் கலந்துரையாடலோட பலன் ராஜா” என்றார் கோமதிநாயகம். ராஜா பூரித்துப்போய், அக்கம்பக்கத்துக் காடுகளுக்கும் அவரையே மேற்பார்வையாளர் ஆக்கினார். அத்தனை பேருக்கும் மயிலிறகுக்கு எங்கே போவது? வீராயியே முள் பிடுங்கித் தரட்டும் என்று உத்தரவாயிற்று.

இப்போது அவள் பாதி வழுக்கை. ஒரு சிறுத்தை அந்த வளைப் பக்கமே உலாத்திக்கொண்டிருக்கிறது.

நீதி: ஒருவரையொருவர் நன்றாகப் புரிந்துகொண்டு வேலையை முடித்துத் தொலைக்காதீர்கள்; அதைக் கற்றுக்கொடுத்தது நான்தான் என்று ஒருவர் வந்து நிற்பார். அவருக்குப் பயிற்சி கொடுத்து அனுப்பியவனே, சிறுத்தை வருவதற்குள் நீ வா. பிடுங்கிய முள்ளையெல்லாம் இருந்த இடத்தில் நட்டுவிட்டுப் போ.